பிரேக் நன்றாகப் பிடிக்கும்போதே பிரேக் ஆயிலை ஏன் மாற்ற வேண்டும்?

கேள்வி இதுதான்: கார் வாங்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன, ஓடியது 28,000 கிலோமீட்டர் மட்டுமே. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. பானெட்டைத் திறந்து பார்த்தால் பிரேக் ஆயில் டப்பாவில் அளவும் சரியாகவே இருக்கிறது. ஆனாலும் சர்வீஸ் சென்டரில் பிரேக் ஆயிலை முழுவதுமாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். இது உண்மையிலேயே தேவையா, அல்லது பில்லை ஏற்றுவதற்கான வழியா?

தேவைதான், சொல்லப்போனால் இரண்டாம் ஆண்டு முடிவிலேயே ஒரு முறை மாற்றியிருக்க வேண்டும். சர்வீஸ் சென்டர் பில்லில் இடம்பிடிக்கும் எல்லா வேலைகளுக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். எஞ்சின் ஃப்ளஷ், ஏசி நறுமணச் சிகிச்சை, பெயின்ட்டுக்கு மேல் ஒரு பூச்சு என்று அவர்கள் நீட்டும் பட்டியலில் பலவற்றைத் தயங்காமல் அடித்துவிடலாம். ஆனால் பிரேக் ஆயில் மாற்றுவது கார் தயாரிப்பாளரே பராமரிப்பு அட்டவணையில் எழுதி வைத்திருக்கும் வேலை. பெரும்பாலானவர்கள் இரண்டு ஆண்டு என்றும், சிலர் மூன்று ஆண்டு என்றும் கெடு வைக்கிறார்கள். அட்டவணையில் கிலோமீட்டரும் குறிப்பிடப்பட்டிருந்தால், இரண்டில் எது முந்தி வருகிறதோ அதையே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்களைப் போல ஆண்டுக்கு ஐயாயிரம், ஆறாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவர்கள் கிலோமீட்டரை மட்டும் பார்த்துவிட்டு இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வது மிகவும் சகஜம். எஞ்சின் ஆயில் ஓட ஓடக் கெடுகிறது. பிரேக் ஆயிலோ கார் வீட்டு வாசலில் சும்மா நின்றாலும் கெடுகிறது. காரணத்தைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

பெடலில் நாம் கொடுக்கும் விசையைச் சக்கரம்வரை கொண்டுபோவது, மெல்லிய இரும்புக் குழாய்களிலும் ரப்பர் ஹோஸ்களிலும் அடைபட்டிருக்கும், பெரும்பாலான கார்களில் ஒரு லிட்டருக்கு உட்பட்ட திரவம்தான். பெடல் ஒரு நெம்புகோலாக வேலை செய்து காலின் விசையை மூன்று நான்கு மடங்கு பெருக்குகிறது. பூஸ்டர் அதை இன்னும் கூட்டுகிறது. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் அந்த விசையைத் திரவ அழுத்தமாக மாற்றுகிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்று பள்ளியில் படித்த பாஸ்கல் விதிப்படி, அதே அழுத்தம் நான்கு சக்கரங்களின் பக்கமும் போய்ச் சேர்ந்து, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் உள்ள இடத்தில் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டனையும் டிரம் உள்ள இடத்தில் வீல் சிலிண்டரையும் தள்ளுகிறது. திரவம் சுருங்காது என்ற ஒரே நம்பிக்கையின் மேல்தான் இவ்வளவும் நிற்கிறது. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் அதன் முழு நீளத்துக்கும் நகர்ந்தாலும் ஒரு சிறிய காரில் அது தள்ளக்கூடிய திரவத்தின் அளவு பத்துப் பதினைந்து மில்லிலிட்டரைத் தாண்டாது. இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கார்களில் வழக்கமாகப் பயன்படும் டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகிய மூன்றும் கிளைக்கால் ஈதர் வகைச் சேர்மங்களால் ஆனவை. டாட் 4 வகையிலும் 5.1 வகையிலும் போரேட் எஸ்டர்களும் சேர்ந்திருக்கும். டாட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் சுருக்கப் பெயர். அந்தத் துறை வகுத்த தரம்தான் உலகம் முழுவதும் டப்பாக்களின் மேல் அச்சிடப்படுகிறது. இந்தச் சேர்மங்களுக்கு நீரை ஈர்க்கும் குணம் உண்டு. மழைக்காலத்தில் மூடாமல் விட்ட முறுக்கு நமத்துப் போவது போல, பிரேக் ஆயிலும் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல வாங்கிக்கொள்கிறது. மூடி இறுக்கமாக இருக்கும்போது ஈரம் எப்படிப் போகும் என்று கேட்கலாம். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் தேயத் தேய டப்பாவில் ஆயில் மட்டம் இறங்க வேண்டும் என்பதால், உள்ளே காற்று போய்வர மூடியில் ஒரு நுண்ணிய வழி வைத்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய வாசல் சக்கரங்களுக்கு அருகே இருக்கும் ரப்பர் ஹோஸ்கள். வெளியே பார்த்தால் ஒரு விரிசலும் இல்லாத நல்ல ரப்பர் வழியாகவும் நீராவி மூலக்கூறுகள் ஊடுருவும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரம் நிறைந்தே இருப்பதால், அங்கே ஓடும் கார்கள் இந்த விஷயத்தில் கூடுதல் கவனம் கேட்கின்றன.

நீரை ஈர்ப்பது ஒரு குறைபாடு என்றால், ஈர்க்காத திரவத்தைப் பயன்படுத்திவிட்டுப் போகலாமே என்று தோன்றும். அப்படி ஒன்று இருக்கிறது: சிலிக்கோனால் ஆன டாட் 5. ஆனால் ஈர்க்காத திரவத்துக்குள்ளும் நீர் எப்படியோ நுழையத்தான் செய்யும். நுழைந்த நீர் கரைய இடமில்லாமல் சொட்டுகளாகத் திரண்டு, அமைப்பின் தாழ்வான இடமான காலிப்பருக்கும் வீல் சிலிண்டருக்கும் போய்த் தங்கும். அங்கே அது 100 டிகிரியில் கொதிக்கும், அந்த ஓரிடத்தை மட்டும் துருப்பிடிக்க வைக்கும். போதாததற்குச் சிலிக்கோனில் காற்றுக் குமிழிகள் எளிதில் தங்கிவிடும் என்பதால், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் இறுகிப்போவதைத் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள கார்களுக்கு அது பொருந்தாது. நீரைத் தனக்குள் பரவலாகக் கரைத்து வைத்துக்கொள்ளும் கிளைக்கால் வகையே பாதுகாப்பானது என்று பொறியாளர்கள் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தத் தேர்வுக்கு நாம் கொடுக்கும் விலைதான் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது.

கரைந்த நீர் என்ன கெடுதல் செய்கிறது என்பதை டாட் தரமே எண்களில் சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு வகைக்கும் இரண்டு கொதிநிலைகள் வரையறுக்கப்பட்டுள்ளன. ஒன்று புதிதாகத் திறந்த ஆயிலுக்கு, மற்றொன்று ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் கலந்த பழைய ஆயிலுக்கு. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 டிகிரியாக இறங்கிவிடுகிறது. டாட் 4 வகைக்கு இவை 230, 155, டாட் 5.1 வகைக்கு 260, 180. நூறு பங்கில் நான்கு பங்குகூட நிரம்பாத நீர் 65 முதல் 80 டிகிரிவரை விழுங்கிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். அதிலும் சரிவு சீராக இருப்பதில்லை. முதலில் சேரும் ஒன்றிரண்டு சதவீத நீர்தான் கொதிநிலையை வேகமாகக் கீழே இழுக்கிறது. இரண்டு ஆண்டு என்ற கெடு இந்த முதல் சரிவைக் கணக்கில் வைத்துத்தான் நிர்ணயிக்கப்பட்டது.

சரி, 155 டிகிரி என்பதே அதிகமான சூடுதானே, காரில் அவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குக் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் பதில் இருக்கிறது. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம் மீட்டர். ஆக, 1,500 மீட்டர் இறக்கம். ஆட்களும் பெட்டிகளும் சேர்ந்து 1,400 கிலோ எடையுள்ள ஒரு கார் அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் இரண்டு கோடி ஜூலுக்குச் சற்று அதிகம். அறை வெப்பத்தில் இருக்கும் எழுபது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த ஆற்றல் போதும். இதில் ஒரு பங்கைக் காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் எடுத்துக்கொள்ளும். கியரைக் குறைத்து வைத்திருந்தால் எஞ்சின் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். நியூட்ரலிலோ உயர்ந்த கியரிலோ பிரேக்கை மட்டுமே நம்பி இறங்குபவரின் காரில் ஏறக்குறைய முழுவதும் டிஸ்க்கிலும் டிரம்மிலும்தான் போய் இறங்கும். டிஸ்க் சில நூறு டிகிரிக்குச் சூடாகும். அந்தச் சூடு பேட் வழியாகப் பிஸ்டனுக்கும், பிஸ்டன் வழியாக அதன் பின்னால் நிற்கும் ஆயிலுக்கும் வந்து சேரும். கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும், வால்பாறைப் பாதையின் 40 வளைவுகளிலும், கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் நடப்பது இதுவே.

ஆயில் கொதிக்கும் விதத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெடலை அழுத்தமாக மிதித்திருக்கும்போது குழாய்களில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பல பத்து மடங்கு இருப்பதால், அந்த நேரத்தில் ஆயில் எளிதில் கொதிக்காது. காலை எடுத்தவுடன் அழுத்தம் இறங்கிவிடுகிறது. ஆனால் சூடு அப்படியே இருக்கிறது. அப்போதுதான் காலிப்பரில் ஆவி உருவாகி, இடம் தேடி, அங்கிருக்கும் திரவத்தை டப்பாவை நோக்கித் திருப்பித் தள்ளுகிறது. ஒரே ஒரு சொட்டு நீர் முழுவதுமாக ஆவியானால் வளிமண்டல அழுத்தத்தில் அது எண்பது மில்லிலிட்டர் அளவுக்கு இடத்தை அடைக்கும். மாஸ்டர் சிலிண்டரால் மொத்தமாகத் தள்ள முடிந்ததோ பத்துப் பதினைந்து மில்லிலிட்டர். எனவே, அடுத்த வளைவில் மீண்டும் மிதிக்கும்போது பிஸ்டன் முழு தூரமும் போய் ஆவியைச் சுருக்குவதோடு நின்றுவிடுகிறது, பேட் டிஸ்க்கைத் தொடுவதே இல்லை. முந்தைய வளைவில் நன்றாகப் பிடித்த பிரேக் அடுத்த வளைவில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தரைவரை இறங்கிவிடுவது இப்படித்தான்.

இதைவிடப் பலரும் எதிர்பாராத ஒன்று, வண்டி நின்ற பிறகு நடப்பது. இறங்கும் வழியில் பர்லியாறில் பழம் வாங்கவோ டீ குடிக்கவோ ஓரங்கட்டுகிறோம். ஓடும்போது டிஸ்க்கின் மேல் வீசிய காற்று நின்றுவிடுகிறது. டிஸ்க்கில் தேங்கிய சூடு உள்நோக்கி நகர்ந்து, காலிப்பரிலுள்ள ஆயிலின் வெப்பம் அடுத்த சில நிமிடங்களுக்குக் கூடிக்கொண்டே போகிறது. ஓடும்போது கொதிக்காத ஆயில் நிற்கும்போது கொதிக்கலாம். டீயை முடித்துவிட்டு வண்டியை எடுப்பவர் முதல் வளைவிலேயே பெடலின் மாற்றத்தை உணர்வார். அதனால் நீண்ட இறக்கத்துக்குப் பின் நிறுத்துவதற்கு முன்பு, கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரைச் சிறிய கியரில், பிரேக்கைத் தொடாமல், மெதுவாக ஓட்டி டிஸ்க்கை ஆறவிடுவது நல்லது. நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் கிளம்பாமல் நன்றாக ஆறும்வரை நிற்க வேண்டும்; கிளம்பும்போது சமதளத்திலேயே பெடலை மிதித்துப் பார்த்துவிட்டு நகர வேண்டும்.

ஆறிய பிறகு ஆவி மீண்டும் திரவமாகிவிடும், பெடல் பழையபடி கெட்டியாக நிற்கும். மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோனால் மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார். அவர் சொல்வதும் உண்மையே. இதனால்தான் ‘பிரேக் நன்றாகப் பிடிக்கிறது’ என்பதை ஆயில் நன்றாக இருப்பதற்குச் சான்றாக நான் ஏற்பதில்லை. ஊருக்குள் ஓட்டும்போது காலிப்பர் ஆயில் 155 டிகிரிக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை. நான்கு சதவீதம் நீர் கலந்த ஆயிலும் அங்கே புது ஆயிலைப் போலவே நடந்துகொள்ளும். வேறுபாடு தெரிவது அது மிகவும் தேவைப்படும் அந்த ஒரு நாளில் மட்டும்தான்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு கோளாறும் உண்டு. பேட் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிமானத்தை இழந்தால், பெடல் கெட்டியாகவே இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது, கருகிய வாடை வரும். ஆயில் கொதித்திருந்தால் பெடல் பஞ்சு போல அமுங்கித் தரையைத் தொடும். இரண்டாவது நிலைமை வந்துவிட்டால் பதற்றப்படாமல் பெடலை வேகமாகப் பலமுறை மிதித்து எடுக்க வேண்டும். டப்பாவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரவம் வந்து சேர்ந்து ஓரளவு அழுத்தம் திரும்ப வாய்ப்புண்டு. அதே சமயத்தில் கியரைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கேபிளால் இயங்கும் ஹேண்ட் பிரேக்குக்கும் ஆயிலுக்கும் தொடர்பில்லை என்பதால், அதை வெடுக்கென்று இழுக்காமல் சிறிது சிறிதாக இழுத்து வேகத்தைக் குறைக்கலாம். எஞ்சினை மட்டும் அணைத்துவிடக் கூடாது.

நான் மலைப்பக்கமே போவதில்லை என்பவருக்கும் இதிலிருந்து விடுதலை இல்லை. கொதிப்பது நீரின் ஒரு முகம், அரிப்பது அதன் மறுமுகம். பிரேக் ஆயிலில் துருவைத் தடுக்கும் சேர்க்கைப் பொருள்கள் கலந்திருக்கும். அவை காலப்போக்கில் செலவழிந்து தீர்ந்துவிடும். வழக்கமான இரும்புப் பிரேக் குழாய்களில் தகட்டைச் சுருட்டி ஒட்டுவதற்குத் தாமிரத்தைப் பயன்படுத்துவதால், பாதுகாப்பு குறைந்ததும் முதலில் கரையத் தொடங்குவது அந்தத் தாமிரம். ஆயிலில் பத்து லட்சத்தில் 200 பங்கு தாமிரம் சேர்ந்துவிட்டால் தடுப்புச் சக்தி தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதற்கடுத்த வரிசையில் நிற்பது இரும்பு. காலிப்பர் பிஸ்டனின் பளபளப்பான பரப்பில் ஊசி முனை அளவுக்குக் குழிகள் விழும். பிரேக்கை விட்டதும் பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுப்பது அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம்தான். குழி விழுந்த பிஸ்டன் அந்த வளையத்தில் வழுக்காமல் சிக்கிக்கொள்ளும். விளைவாக ஒரு பக்கத்து பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும், மைலேஜ் குறையும், ஒரு சக்கரம் மட்டும் கை வைக்க முடியாதபடி சுடும், பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

இதில் அதிகச் செலவு வைப்பது ஏபிஎஸ் யூனிட். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் உங்கள் காரிலும் அது இருக்கும். அதனுள்ளே இருக்கும், மின்காந்தத்தால் இயங்கும் சோலினாய்டு வால்வுகளின் துளைகள் மிக நுண்ணியவை. நொடிக்குப் பலமுறை திறந்து மூட வேண்டியவை. ஆயிலில் மிதக்கும் துருத் துகளும் ரப்பர் கசடும் அங்கே போய் அடைத்தால் பெரும்பாலும் யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள். அந்த ஒரு பில்லில் வாழ்நாள் முழுவதற்குமான பிரேக் ஆயில் வாங்கிவிடலாம்.

இனி சோதனைக்கு வருவோம். டப்பாவில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையே ஆயில் இருக்கிறதா என்பது வாரம் ஒரு முறை வாஷர் தண்ணீர் பார்க்கும்போதே பார்த்துவிடக்கூடியது. ஆனால் மட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பேட் தேயும்போது பிஸ்டன் முன்னுக்கு நகர்ந்து அந்த இடத்தை ஆயில் நிரப்புவதால், மட்டம் மாதக்கணக்கில் மெல்ல இறங்குவது இயல்பு. அதைப் பார்த்தவுடன் டாப்-அப் செய்துவிடுவது நல்ல பழக்கம் இல்லை. புது பேட் போடும்போது பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளினால் சேர்த்த ஆயில் டப்பாவிலிருந்து வழிந்து பெயின்ட்டை உரித்துவிடும். மட்டம் சில நாள்களிலேயே இறங்கினாலோ, சக்கரத்தின் உட்பக்கம் ஈரக்கசிவு தெரிந்தாலோ அது ஒழுக்கு. அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைப்பதே சரி. உங்கள் காரில் மட்டம் சரியாக இருப்பது ஒழுக்கு இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. ஆயிலின் தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

நிறமும் அப்படித்தான். புது ஆயில் நிறமற்றதாகவோ இளம் தேன் நிறத்திலோ இருக்கும். பழையது காப்பி டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருந்தால் சோதனையே தேவையில்லை, மாற்றிவிடலாம். ஆனால் தெளிவாக இருப்பதாலேயே நல்ல ஆயில் என்று முடிவு கட்ட முடியாது, ஏனெனில் கரைந்த நீருக்கு நிறமில்லை. பட்டறைகளில் பேனா வடிவக் கருவி ஒன்றை டப்பாவில் நனைத்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு காட்டுவார்கள். அது திரவத்தின் மின்கடத்துத்திறனை அளந்து நீரின் அளவை ஊகிக்கிறது. ஆயிலின் வகைக்கு ஏற்ப அந்த ஊகம் மாறும். சிவப்பு எரிந்தால் நம்பலாம், பச்சை எரிந்தால் முழுவதுமாக நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. மாதிரியை எடுத்து உண்மையாகவே சூடாக்கிக் கொதிநிலையை அளக்கும் கருவியே நம்பகமானது; பெரிய ஒர்க்ஷாப்புகளில் கிடைக்கலாம்.

பேனா சோதனையின் இன்னொரு பலவீனத்தைப் புரிந்துகொண்டால், ஆயில் மாற்றும் முறையில் நடக்கும் ஏமாற்றும் புரிந்துவிடும். எஞ்சின் ஆயிலைப் போலப் பிரேக் ஆயில் சுற்றி வருவதில்லை. மிதித்தால் சில மில்லிலிட்டர் முன்னே போகிறது, விட்டால் அதே அளவு பின்னே வருகிறது. காலிப்பரில் இருக்கும் ஆயில் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கிறது. அதிகம் சூடாவதும், ஹோஸ் வழியாக ஈரத்தை அதிகம் வாங்குவதும், துருவைச் சுமப்பதும் அதுதான். டப்பாவில் இருப்பதோ ஒப்பீட்டளவில் நல்ல ஆயில். சில இடங்களில் டப்பாவிலிருக்கும் ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஆயிலை ஊற்றி, மேலிருந்து பார்க்கத் தங்க நிறத்தில் ஜொலிக்கும்படி செய்து, பிரேக் ஆயில் மாற்றியதாகப் பில் போட்டுவிடுகிறார்கள். காலிப்பரில் அழுக்கு ஆயில் அப்படியே இருக்கும். ஆகவே, சிரிஞ்சு வேலையைப் பாதி வேலை என்று கூடச் சொல்ல முடியாது.

முறையாக மாற்றுவது என்றால் வண்டியைத் தூக்கி, நான்கு சக்கரத்திலும் காலிப்பரிலோ வீல் சிலிண்டரிலோ உள்ள நிப்பிளில் (ஆயிலை வெளியே விடத் திறக்கும் சிறிய திருகு) உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி, அழுக்கு ஆயில் வெளியேறிப் புது ஆயிலின் நிறம் குமிழியில்லாமல் வரும்வரை விட வேண்டும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குவார்கள். வலது பக்கம் ஸ்டியரிங் உள்ள நம் கார்களில் அது பின்பக்க இடது சக்கரம். உங்கள் காரின் கையேட்டில் வேறு வரிசை இருந்தால் அதுவே முடிவு. வேலை முடியும்வரை டப்பாவில் ஆயில் வற்றவே கூடாது. வற்றினால் காற்று உள்ளே போய், ஏர் எடுக்கும் வேலை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடும் பழைய முறை தவறில்லை; ஆனால் பல ஆண்டுகள் ஓடிய காரில் பெடலைத் தரைவரை அழுத்தினால், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர் வழக்கமாகப் போகாத, கசடு படிந்த பகுதிக்குள் போய்க் கிழிந்துவிடலாம். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து முழு தூரம் போகாமல் தடுப்பது அனுபவமுள்ள மெக்கானிக்குகளின் பழக்கம். அழுத்தத்தால் ஆயிலைத் தள்ளும் கருவி இருந்தால் இந்தக் கவலையே இல்லை. சில கார்களில் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் இருக்கும் ஆயிலையும் வெளியேற்ற ஸ்கேனரை இணைத்து அதன் பம்பை இயக்க வேண்டியிருக்கும். கிளட்ச்சும் ஹைட்ராலிக்காக இருந்தால் பல கார்களில் அது இதே டப்பாவிலிருந்துதான் ஆயில் எடுக்கிறது. பழைய ஆயில் அங்கே தங்கிவிடாமல் அதையும் மாற்றச் சொல்ல வேண்டும்.

எந்த வகை ஊற்றுவது என்பது டப்பா மூடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். டாட் 3 கேட்கும் காரில் டாட் 4 ஊற்றலாம், கீழிறங்கி வரக் கூடாது. பெயர் ஒற்றுமையால் டாட் 5.1 என்று நினைத்து டாட் 5 வாங்கிவிடாதீர்கள். முன்னது கிளைக்கால், பின்னது சிலிக்கோன், இரண்டும் ஒன்றோடொன்று சேராது. எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ தவறுதலாகக் கொஞ்சம் டப்பாவில் விழுந்துவிட்டால், எஞ்சினை ஸ்டார்ட் செய்யவோ பெடலைத் தொடவோ கூடாது. கனிம எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர்கள் ஊதிப் பெருத்துவிடும். அது அமைப்பு முழுவதும் பரவிவிட்டால் வாஷர்கள், சீல்கள், ஹோஸ்கள் என ரப்பர் உள்ள எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்று நினைக்கிறார்கள். மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பேட் குறைவாகத்தான் தேய்கிறது, உண்மை. ஆயில் ஈரம் வாங்குவது அதனால் நிற்பதில்லை. ஊட்டியில் பேட்டரியை முழுவதும் சார்ஜ் செய்துவிட்டு இறங்கத் தொடங்கினால், திரும்பிவரும் மின்சாரத்தைச் சேமிக்கப் பேட்டரியில் இடமில்லாததால் தொடக்கத்தில் மோட்டார் பிரேக் குறைந்துபோகும். கனமான பேட்டரியோடு சேர்த்து மொத்த எடையையும் சாதாரணப் பிரேக்கே தாங்க வேண்டியிருக்கும்.

உங்கள் காருக்கு வேலை சொல்லும்போது சில விஷயங்களை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். சீல் பிரிக்காத டப்பாவை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். திறந்து பல நாள் ஆன கேனிலிருந்து ஊற்றினால் ஈரம் ஏறிய ஆயிலுக்குப் பணம் கொடுத்ததாகும். ஒரு முழு மாற்றத்துக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் பிடிக்கும். பில்லில் கால் லிட்டர் மட்டும் இருந்தால் சிரிஞ்சு வேலையோ என்று சந்தேகப்படலாம். ஐந்து ஆண்டுகளாகத் தொடப்படாத நிப்பிள்கள் துருவேறி இறுகியிருக்கக்கூடும், அதுவும் நீங்கள் கடலோரத்தில் இருந்தால் நிச்சயம் எதிர்பார்க்கலாம். அவற்றை ஸ்பேனரால் முரட்டுத்தனமாகத் திருப்பினால் கழுத்து முறிந்து, காலிப்பரையே கழற்ற வேண்டிவரும். ஆகவே, முந்தின நாளே வண்டியை விட்டு, துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து ஊறவைத்து, காலையில் பொறுமையாகத் திறக்கச் சொல்வது உங்கள் பணத்துக்கு நல்லது.